ஜன்னலோரக் கட்டில்

நார்பர்ட்டை ஏற்றிய ஆம்புலன்ஸ் வாசலைக்கூடத் தாண்டியிருக்காது. அதற்குள் எல்ராய் போய் அவருடைய ஜன்னலோரக் கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டார். ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன எல்ராய் இது? அந்த மனுஷன் இடுப்பு ஒடிஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போறார். உங்களுக்கு ஜன்னல் கேக்குதா?" என்றேன்.

"காத்து வாங்குறேன். உனக்கென்ன?"

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. காத்தாம், காத்து!

இந்த முதியோர் இல்லத்தில் நான் நர்ஸ். அந்த அறையில் ரெண்டு கிழங்களும் போட்ட சண்டையையெல்லாம் தீர்த்து வைத்தவள். திரைச்சீலையைத் திறந்தால் சண்டை, மூடினால் சண்டை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரெண்டும் பச்சைத் தொப்பியை மாட்டிக்கொண்டு டிவி முன்னால் ஒற்றுமையாக உட்காரும். எங்கள் கிரீன் பே ஃபுட்பால் டீமுக்காகத் தொண்டை கிழியக் கத்தும். பரம எதிரியான சிகாகோ டீம் ஜெயித்துவிட்டால் அன்றைக்கு ரெண்டுக்கும் சாப்பாடு இறங்காது.

நேரே ஜேனலிடம் போய்ப் புகார் சொன்னேன். இல்லத்தில் யாருக்கு எந்தக் கட்டில் என்று முடிவு செய்வது அந்தப் பெண்தான். அவர் முகத்தைப் பார்ப்பதற்கு எங்கள் விஸ்கான்சின் குளிரே தேவலை.

"எல்ராயை விடு. விதி தெரியும்ல? ஆஸ்பத்திரிக்குப் போனவருக்குக் கொஞ்ச நாள்தான் கட்டிலைக் காத்து வைப்போம். கெடு முடிஞ்சா, கேட்டு வர்றவங்களுக்குக் கொடுத்துடணும்."

"அப்போ நார்பர்ட்?"

"அடுத்த கட்டில் காலியாகிற வரைக்கும் வேற ஊர் இல்லம்தான்."

"அங்கே அவருக்கு ஒருத்தரையும் தெரியாதே!"

"நான் என்ன பண்றது? கேட்டு வர்றவங்களுக்கு அறையைக் காட்டணும்னு தலைமை அலுவலகத்து உத்தரவு."

கெடு முடிந்தது. ஆஸ்பத்திரியில் நார்பர்ட்டை இன்னும் விடவில்லை. மறுநாளே ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டரை ஜேனல் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

எல்ராய் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"வாங்க, வாங்க! முன்னாடி இந்தக் கட்டில்ல இருந்தவர் தங்கமானவர். இதோ, உங்க பக்கத்துலதான் நிக்கிறார். நார்பர்ட், கொஞ்சம் தள்ளி நில்லுப்பா. அவரு மேல இடிக்கிற பாரு!"

வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் அவ்வளவு வேகமாகப் போக முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"உயிரோட இருக்கிறவரைப் பேயாக்குறீங்களே, நல்லா இருப்பீங்களா?" என்று கத்தினேன்.

"தனியா இருந்தா நல்லாத் தூக்கம் வருது" என்றார் கூசாமல்.

அடுத்து வந்தவர் சீஸ் ஃபாக்டரியில் வேலை பார்த்தவர். எல்ராய் அக்கார்டியனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு போல்கா நடனப் பாட்டு வாசிக்க ஆரம்பித்தார். அதுவும் அந்த மனிதரின் காதோரத்தில், நிறுத்தாமல்.

வந்தவர் முகம் மலர்ந்துவிட்டது. வாக்கரைத் தள்ளிவிட்டு ஆடவே ஆரம்பித்துவிட்டார்!

"இந்த அறைதான் வேணும். இன்னிக்கே வந்துடுறேன்!"

எல்ராயின் கை அப்படியே நின்றுவிட்டது.

ஜேனல் தொண்டையைச் செருமினார். "ஒண்ணு சொல்லிடுறேன். இங்க வெந்நீர்க் குழாய் ராத்திரியெல்லாம் சுத்தியால அடிக்கிற மாதிரி சத்தம் போடும். விடிய விடிய."

ஆட்டம் நின்றது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு அவர் நழுவிவிட்டார்.

அந்தக் குழாயை எப்போதோ மாற்றியாயிற்றே! பாவம், வேலை மும்முரத்தில் ஜேனல் மறந்துபோயிருப்பார்.

அன்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து போன். நாளை மறுநாள் நார்பர்ட்டை அனுப்புகிறார்களாம். மூச்சிரைக்க ஓடிப்போய் ஜேனலிடம் சொன்னேன்.

தலையைக்கூட நிமிர்த்தவில்லை அந்தப் பெண். "நாளைக்கு இன்னொருத்தர் வர்றாரே. காட்டித்தான் ஆகணும்."

"ஒரே ஒரு நாள்! உங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

ஜேனல் அடுத்த ஃபைலைப் பிரித்தார்.

வீட்டுக்குக் கிளம்பும்போது எல்ராயின் அறையில் ஜேனலின் குரல் கேட்டது. இன்னும் நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவது என்று கதவைத் தள்ளப் போனவள், அப்படியே நின்றுவிட்டேன்.

"காட்டணும்னுதானே உத்தரவு எல்ராய்? வர்றவங்களுக்குப் பிடிக்கணும்னு உத்தரவு இல்லையே. ஆனா நாளைக்கு வர்றவர் லேசுப்பட்ட ஆளில்ல. பேய்க்குப் பயப்பட மாட்டார். காதும் மந்தம், அக்கார்டியன் வேலைக்கு ஆகாது. குளிக்கும்போதுகூட நம்ம பச்சைத் தொப்பியைக் கழட்ட மாட்டாராம்."

பையிலிருந்து எதையோ உருவினார். சிகாகோ டீமின் பனியன்!

எல்ராய் சுவரோடு ஒட்டிக்கொண்டார். "செத்தாலும் போட மாட்டேன்!"

"ஒரு காலைப்பொழுதுதான். பெரிய மனசு பண்ணுங்க."

ஜன்னலோரம் நார்பர்ட்டின் பச்சைத் தொப்பி வைத்தது வைத்தபடி இருந்தது. எல்ராய் அதை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கண்ணை இறுக மூடிக்கொண்டு ரெண்டு கையையும் தூக்கினார்.

"சரி, மாட்டித் தொலை. ஆனா நார்பர்ட் காதுக்கு மட்டும் போயிடக் கூடாது. இதைப் போட்டவனோட ஒரே ரூம்ல இருக்க மாட்டேன்னு கிளம்பிடுவான்!"