வட்டம் சுற்றும் நேரம்

நாற்பது விநாடியின் விலை நானூற்று எண்பது டாலர். லோசாலினியிடமிருந்து அந்த நாற்பது விநாடியை எடுத்துக்கொண்டவன் நான். பணம் கொடுத்தது அவள்.

சனிக்கிழமை காலை. தீவு நகரமான சூவாவின் கம்மிங் தெருவில் கடையைத் திறந்து, ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்திருந்தேன். கணினிப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தவள், ரொட்டிக்குப் பக்கத்தில் தொப்பென்று இறக்கினாள்.

"தன்சுக் அண்ணே, புதுச் சிப்பைக் கழட்டு. பழசையே மாட்டிக் குடு."

மூன்று வாரத்துக்கு முன் நான் மாட்டிக்கொடுத்த சிப். பழையதை அன்றைக்கே வேறொருவன் தலையில் கட்டிவிட்டேன். பணத்தைத் திருப்பிக் கேட்பதற்கு இது ஒரு முன்னுரை என்று நினைத்தேன். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக இந்தத் தெருவில் இருக்கிறது. விற்ற பொருளைத் திருப்பி வாங்கிய கதை ஒன்றுகூடக் கிடையாது.

ஒயரைச் செருகி, பெட்டியை எழுப்பினேன். திரை பளிச்சென்று வந்து நின்றது.

"பாரு தங்கச்சி, கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள வந்திடுச்சு. இதுல என்ன கோளாறு?"

"அதான் கோளாறு."

சிரித்துவிட்டேன்.

"சோபோ!" அவள் பாஷையில் 'அட கடவுளே' மாதிரி. "சிரி, நல்லா சிரி. வேலை சீக்கிரம் முடியும், சாயங்காலம் காலை நீட்டி உக்காரலாம்னு நீதானே வாயெல்லாம் பல்லா சொன்ன?"

சொன்னேன்தான். கூடவே மவுஸ் பேட் ஒன்றையும் விற்றேன்.

ஊரை அடுத்த நசினுவில், வீட்டில் உட்கார்ந்தபடி அவள் செய்வது மெல்போர்ன் மின்சாரக் கம்பெனி ஒன்றுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லும் வேலை. ஒவ்வொரு அழைப்புக்கும் மூன்று பக்கங்களைத் திறக்க வேண்டும். பழைய சிப்பில் ஒரு பக்கம் திறக்க நாற்பது விநாடி. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், வாடிக்கையாளர் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். மெல்போர்னில் இருக்கும் மேற்பார்வையாளனும் அதை இயந்திரத்தின் நேரம் என்று விட்டுவிடுவான்.

நாளுக்கு எழுபது அழைப்பு எடுத்தவள், புதுச் சிப் வந்ததும் நூறு எடுத்தாள். மேற்பார்வையாளன் ஒரு வாரம் பார்த்தான். பிறகு நூறுதான் கணக்கு என்று எழுதி அனுப்பிவிட்டான். சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

"சரி, வேலை கூடிடுச்சு. அதுக்குப் பெட்டி என்ன பண்ணும்?"

"அப்பிசாய்க்கு முதுகு புண்ணாயிடுச்சு."

அப்பிசாய் அவள் புருஷன். ரக்பி ஆடிய உடம்பு, கதவை அடைத்துக்கொண்டு நிற்பான். பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாக அடுத்த அறையில் படுத்திருக்கிறான்.

"வட்டம் சுத்துறப்பல்லாம் ஓடுவேன். ஒரு தடவை தண்ணி குடுப்பேன், ஒரு தடவை புரட்டி விடுவேன். இப்போ நான் எழுந்திரிக்கிறதுக்குள்ள பக்கம் திறந்து நிக்குது. உள்ள அவரு தண்ணி தண்ணிங்கிறாரு. நான் இங்க எவளுக்கோ, உங்க கரண்டு பில்லு எவ்வளவுங்க மேடம்னு கேட்டுட்டு இருக்கேன்."

கையால் பெட்டியின் தலையில் ஓங்கி அடித்தாள். என்னை அடிக்க முடியாததால் அதை அடித்தாள் என்று எடுத்துக்கொண்டேன்.

சிப்பைக் கழற்றத் தேவையில்லை. பெட்டி விழிக்கும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் சிப்பின் வேகத்தை ஏற்றலாம், இறக்கலாம். கணினி விளையாட்டுப் பையன்கள் ஏற்றச் சொல்லிக் காலில் விழுவார்கள். இறக்கச் சொல்லி இதுவரை யாரும் வந்ததில்லை.

"நாப்பதுக்கே கொண்டுபோ," என்றாள்.

"கொண்டுபோறேன். திங்கக்கிழமை மறுபடியும் எழுபதுன்னா, அவன் என்ன சொல்வான்?"

பெட்டியிலிருந்து கையை எடுத்தாள். "எண்பதுக்குக் கீழ போன ஒருத்தியப் போன வாரம் தூக்கிட்டான்."

அவளுடைய சம்பளம் ஒன்றில்தான் அந்த வீடு ஓடுகிறது. கால்குலேட்டரை எடுத்தேன். என் ஆயுளில் முதல் தடவையாக, கடையில் இல்லாத ஒருவன், அந்த மெல்போர்ன்காரன் சார்பில் பேரம் பேசினேன்.

"இருபது விநாடி."

"முப்பத்தஞ்சு."

"முப்பத்தஞ்சுன்னா உனக்கு எழுபத்திமூணு அழைப்புதான் வரும், தங்கச்சி."

"நீ அவன் ஆளா, என் ஆளா?"

இருபத்துநாலில் வந்து நின்றது. அதற்கு மேல் ஒரு விநாடி கொடுத்தாலும் கணக்கு எண்பதைத் தொடாது.

வேகத்தை இறக்கி வைத்தேன். அவள் தன் வேலைப் பக்கத்தைத் தட்டினாள். வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

ஸ்டூலிலிருந்து எழுந்து வாசல்வரை ஓடினாள். அங்கே குனிந்து, இல்லாத தலையை இடது கையால் தூக்கி, இல்லாத டம்ளரைச் சாய்த்தாள். விழுங்குவதற்கு நேரம் கொடுத்தாள். புறங்கையால் காற்றைத் துடைத்துவிட்டு ஓடிவந்து உட்கார்ந்தபோது பக்கம் திறந்தது. தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

"இன்னொரு தடவை," என்றாள்.

மறுபடியும் வாசல். இந்தத் தடவை முழங்காலை ஊன்றினாள். ஒரு கை தோளுக்கு அடியில், ஒரு கை இடுப்புக்கு அடியில். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. பாதிதான் திருப்பியிருப்பாள்.

பக்கம் திறந்துவிட்டது.

அவள் கையை எடுக்கவில்லை. எடுத்தால் அவன் மல்லாந்து விழுந்துவிடுவான் என்பதுபோல, என் கடை வாசலில் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

கடைக் கணக்கு எழுதுவதுபோல மனதில் போட்டுப் பார்த்தேன்: தண்ணீர், பைசல். வாய் துடைப்பது, பைசல். புரட்டிப் படுக்கவைப்பது, பாக்கி.