பூசணியின் முகவரி

"இவங்க பேர்லயே எழுதுங்க" என்றார் கணவர்.

"வேண்டாம். அவர் பேர்ல எழுதுங்க" என்றார் மனைவி.

நடுவில் உட்கார்ந்திருந்த நாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

நாய்க்கு இன்சூரன்ஸ் எடுக்க எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் அதைப் பெற்ற பிள்ளை மாதிரி மடியில் வைத்துக் கொஞ்சுவார்கள். இப்படி ஒருவர் தலையில் ஒருவர் கட்டப் பார்க்கிற ஜோடியை அன்றுதான் பார்த்தேன். பிரீமியம் கட்டப் பயந்துதான் இந்த நாடகம் என்று நினைத்தேன். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர்கள் போலிருக்கிறது.

விண்ணப்பம் பக்கத்து மேஜை மேடத்திடம் இருந்தது. அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ஷரத்து மேடம். பாலிசியில் உள்ள அத்தனை ஷரத்தும் அவருக்கு மனப்பாடம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பது அவருக்காகவே சொன்னது.

"பேரைக் கடைசியில பார்ப்போம். என்ன இனம்?"

"கிராஸ் மேடம். அம்மா அல்சேஷன்."

"அப்பா?"

"சுவர் ஏறிக் குதிச்சு வந்தவர். மத்த விவரம் தெரியாது."

மனைவி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

கலப்பினம் என்றால் பிரீமியம் குறைவு என்றார் மேடம். ஆனால் அடுத்த மாதம் பூசணிக்கு எட்டு வயது முடிகிறது, அதன்பிறகு புதுப் பாலிசி கிடையாது என்றும் சொன்னார். பூசணி என்பது நாயின் பெயர். விபத்துக்கு மட்டும், நோய்க்கும் சேர்த்து, ஆயுள் முழுக்க என்று மூன்று திட்டங்களைக் காட்டினார். இரண்டு பேர் விரலும் மூன்றாவதில் போய் நின்றது. விலை கூடியது அதுதான். எனக்குக் கொஞ்சம் குழப்பமாகிவிட்டது.

"முன்னாடி ஆபரேஷன் ஏதாவது நடந்திருக்கா?"

"ஒண்ணு. குட்டியா இருந்தப்போ சாக்ஸை முழுங்கிடுச்சு" என்றார் மனைவி.

"என் இன்டர்வியூ சாக்ஸ்" என்றார் கணவர். "மறுநாள் ஒரு காலுக்குக் கறுப்பு, ஒரு காலுக்குப் பச்சை போட்டுக்கிட்டுப் போனேன்."

"அந்த வேலைதான் கிடைச்சுது."

கல்யாணமான புதிதில் ஒற்றை அறை வீடு. ஒரு பாய், ஒரு தலையணை. தலையணை பூசணிக்கு. மழை பெய்தால் பாயை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு இழுப்பார்களாம், பூசணியும் ஒரு நுனியைக் கவ்வி இழுக்குமாம். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுத்துச் சொன்னார்கள். எனக்கே என் பழைய வாடகை வீடெல்லாம் ஞாபகம் வந்து மனசு கனத்தது. பிறகு இருவரும் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

பிரிந்து ஆறு மாதம் ஆகிறதாம். பூசணி ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே. அந்த அலைச்சலில் சாப்பாட்டைத் தொடுவதில்லை. இனி ஒரே வீட்டில் வையுங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பாலிசி யார் பேரிலோ, நாய் அவருக்கு என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருக்கிறார்கள்.

பூசணிக்குத் தண்ணீர் காட்ட மனைவி வெளியே போனார். கணவர் அவசரமாக முன்னால் சாய்ந்தார்.

"பிரீமியத்தை வருஷா வருஷம் நான் கட்டிடறேன் மேடம். ஆனா அவ பேர்லயே போடுங்க. தனியா இருந்தா நாலு தடவை எழுந்து தாழ்ப்பாளைப் பார்ப்பா. இது பக்கத்துல இருந்தாத்தான் தூங்குவா."

மனைவி திரும்பி வந்ததும் நாயை வாங்கிக்கொண்டு கணவர் ஜன்னல் பக்கம் போனார். மனைவி குரலைத் தாழ்த்தினார்.

"பணம் நான் தந்துடறேன். அவர் பேர்தான் இருக்கணும். இதுக்குச் சோறு வைக்கணுமேன்னுதான் அவர் நேரத்துக்கு வீட்டுக்கு வர்றார். இல்லேன்னா ராத்திரி பட்டினிதான்."

கருமிகள் என்று நினைத்ததற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

மேடம் பேனாவை மூடினார். "ஒரு சிக்கல் இருக்கு. பதினாலாவது ஷரத்துப்படி, நாயை இதுவரைக்கும் ரெண்டு பேர் வளர்த்திருந்தா ரெண்டு பேர்லயும்தான் பாலிசி. ரெண்டு பேரும் அதோட ஒரே வீட்டுல இருக்கணும். நேர்ல வந்து பார்ப்போம்."

"அது முடியாதே மேடம்" என்றார் கணவர்.

"அப்போ பாலிசியும் கிடையாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

இருவரும் பூசணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கணவர் தொண்டையைச் செருமினார்.

"என் அட்ரஸை எழுதுங்க."

"அது மூணாவது மாடி. இதைத் தூக்கிக்கிட்டுதான் படி ஏறணும்" என்றார் மனைவி. "என் அட்ரஸை எழுதுங்க."

"அப்போ நான்?"

மனைவி நாயின் காதைத் தடவிக்கொண்டே நிமிராமல் சொன்னார்: "ரெண்டு பேரும் இருக்கணும்னுதானே சொல்றாங்க."

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். வாசலைத் தாண்டும்போது கயிறு கணவர் கையில் இருந்தது, காகிதங்கள் மனைவி கையில். இருவருக்கும் நடுவில் பூசணி நடந்தது.

நான் விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். பதினாலாவது ஷரத்து, நாய் தபால்காரரைக் கடித்தால் யார் பொறுப்பு என்று சொல்கிறது.

"மேடம், நீங்க சொன்ன மாதிரி ஷரத்தே இல்லையே?"

"தெரியும்" என்றார், அடுத்த விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டே. "இருபது வருஷத்துக்கு முன்னாடி நானும் என் வீட்டுக்காரரும் பிரிஞ்சப்போ, எங்களுக்கு இப்படி ஒரு பொய் சொல்ல யாரும் இல்ல சார்."