உப்புத்தாள் தேய்த்த கட்டைவிரல்

"உப்புத்தாள் பஞ்சர் ஒட்டுறப்ப டியூபைத் தேய்க்கத்தானய்யா மாப்பிள்ளை, விரலையா தேய்ப்பாங்க?" "கிரீஸ் கறை இருந்தா மெஷின் ரேகையை எடுக்காதுன்னு நீங்கதானே மச்சான்..." வங்கி வாசலில், சாய்ந்து நிற்கும் இரண்டு சைக்கிள்களுக்கு நடுவே, கூரியர்காரர்கள் இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டுகிறார்கள். இளையவனின் கட்டைவிரல் தோலுரிந்து பளபளக்கிறது; நாலு தடவை வைத்தும் வங்கியின் கைரேகை மெஷினுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. ஏ.டி.எம். கார்டு முடங்கி ஒரு வாரம்; ரேகை வைத்தால்தான் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியும். சாயங்காலத்துக்குள் பணம் கட்டினால்தான் அவன் மனைவிக்கு ஆபரேஷன். அவள் மூத்தவரின் ஒரே தங்கை. "செயினுக்கு எண்ணெயைக் குறைச்சு விடுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்," என்று முனகிக்கொண்டே அவர் அந்த விரலை வண்டித் துணியால் ஒற்றுகிறார். சைக்கிள் மணிக்கிண்ணத்தில் பட்ட மத்தியான வெயில் அவர் கண்ணைக் கூச வைக்கிறது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், இன்று அரைநாள்தான் என்பதால் வங்கியைப் பூட்டக் காவலாளி சாவியைத் தேடுகிறார். இளையவன் விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். "தோல் மறுபடி வளர எத்தனை நாளாகும், மச்சான்?"