நல்ல நேரம்

பெரம்பலூர் போதை மறுவாழ்வு மையத்தில் நான்கு மாதம் இருந்துவிட்டு ஆண்டிமடம் திரும்பிய மணிவேலைப் பார்த்துத் தெருவே அசந்துபோனது. கன்னத்தில் சதை பிடித்திருந்தது. கை நடுக்கம் நின்றிருந்தது.

"இனிமே அந்தக் கருமத்தைத் தொட மாட்டேம்மா" என்று அம்மா தேவயானியிடம் சொன்னான். பத்து நாள் ஒழுங்காக வேலைக்கும் போய் வந்தான். அவன் வயிறாரச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே அவள் தன் பசியை மறந்தாள்.

பதினோராம் நாள் மதியம் முந்திரித் தோப்பில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தான். பக்கத்தில் போதை ஊசி. கூட்டாளி முத்தமிழ்தான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். போய்ச் சேருமுன்பே உயிர் போயிருந்தது.

"எவ்வளவு போட்டான்?" என்று டாக்டர் கேட்டார்.

"எப்பவும் போடறதுதான் சார். கூட ஒண்ணும் போடல" என்று முத்தமிழ் அழுதான்.

"அதாம்ப்பா கொன்னுடுச்சு. நாலு மாசம் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது." டாக்டர், சேதி கேட்டு ஓடிவந்திருந்த தேவயானியின் பக்கம் திரும்பினார். "அனுப்புறப்ப மையத்துல இதைச் சொல்லியிருப்பாங்களேம்மா?"

தேவயானி மகனின் கால்களைக் கட்டிக்கொண்டாள்.

"அங்க டாக்டர் வந்து முக்கியமா பேசணும், இருங்கன்னாங்க சார். இவனும் கேட்டுட்டே போலாம்மான்னான். ராகுகாலம் வந்துடும், நல்ல நேரத்துல கிளம்பிடணும்னு நான்தான் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டேன்."