கடுகு முளைத்த டேங்க்

"சார், இந்தச் சேறு உங்க கை வேலை இல்லை."

லாரன்ஸ் இப்படிச் சொன்னதும் ஜெயராமுக்கு உச்சந்தலை வரை கோபம் சுர்ரென்று ஏறியது.

அடையாறில் ஒரு பள்ளிக்கூட ஹால். மாடல் கட்டுகிறவர்களின் வருஷப் போட்டி. மேஜை மேஜையாக உள்ளங்கையளவு டேங்க்குகள், ஜீப்புகள், கட்டைவிரல் உயரத்தில் சிப்பாய்கள். நடுவர் லாரன்ஸ், ஜெயராமின் டேங்க்கை லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார் பேசறீங்க? மூணு மாசம்! முந்நூத்து நாப்பது துண்டு! ஒவ்வொண்ணா ஒட்டி, பெயின்ட் அடிச்சு, அப்புறம் அது மேல துருவும் சேறும் ஏத்தி... என் கண்ணே போச்சு!"

பளபளவென்று புதுசாக நிற்கிற டேங்க் இந்தப் போட்டிக்கு ஆகாது. போர்க்களத்தில் புரண்டு வந்த மாதிரி இருக்க வேண்டும். அந்த அழுக்கைப் போடுவதில்தான் மார்க்கே இருக்கிறது. எட்டு வருஷமாக மூன்றாம் பரிசைத் தாண்டாத ஜெயராம், இந்தத் தடவை முதல் பரிசு தனக்குத்தான் என்று வந்திருந்தார். கல்லூரிப் பேராசிரியர். பரீட்சை டியூட்டிக்காகப் பத்து நாள் கோயமுத்தூரில் கிடந்துவிட்டுக் காலையில்தான் ரயிலைவிட்டு இறங்கினார். வீட்டுக்குப் போய் டேங்க் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே இங்கே ஓடி வந்துவிட்டார். மூடியைத் திறந்தபோது அவருக்கே மலைப்பாக இருந்தது. அடேயப்பா, இவ்வளவு நன்றாகவா செய்திருக்கிறோம்!

"டேங்க் உங்களுது, சந்தேகமே இல்லை," என்றார் லாரன்ஸ். "ஆனா உங்க சேறு எப்பவும் காபிப்பொடியைக் கரைச்சு ஊத்தின மாதிரி ஒரே சீரா இருக்கும். இது பிரமாதமான சேறு சார். வேற கை. எல்லாமே சொந்தக் கையால செஞ்சிருக்கணும்ங்கறது ரூல்."

நன்றாக இருப்பதால் என்னுடையது இல்லையாம்! இந்த அக்கிரமத்தை எங்கே போய்ச் சொல்வது?

"பொறாமையில பேசாதீங்க சார்!"

"நீங்க கடையில விக்கிற கலர்ப் பொடிதானே போடுவீங்க? இது நிஜ மண். இதோ பாருங்க."

லாரன்ஸ் பின்சக்கரத்தின் சந்திலிருந்து இடுக்கியால் ஒன்றை மெல்ல உருவினார். நூலிழை போல வெள்ளைத் தண்டு, உச்சியில் இரண்டு பச்சை இலை.

"கடுகு. முளைச்சிருக்கு."

சுற்றி நின்றவர்கள் குபீரென்று சிரித்தார்கள். எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவன் பக்கத்து மேஜை பாலகணேஷ். மூன்று வருஷமாக முதல் பரிசு வாங்குகிறவன்.

"டேய், இது உன் வேலைதானே? நான் காபி குடிக்கப் போனப்போ செருகி வச்சியா?"

"இன்னா சார் நீங்க! எனக்கு வேற வேலையே இல்லையா? டேங்க்ல கீரைப் பாத்தி போடவா வந்துகிறேன்?"

மறுபடியும் சிரிப்பு. ஜெயராம் மேஜையை ஓங்கித் தட்டினார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! இந்த டேங்க்ல என்னைத் தவிர இன்னொருத்தர் கை பட்டிருந்தா, இன்னியோட நான் பிரஷ்ஷையே தொட மாட்டேன். சத்தியம்!"

லாரன்ஸ் மசியவில்லை. ஜெயராம் பெயருக்குக் குறுக்கே சிவப்புக் கோடு ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த மேஜைக்கு நகர்ந்தார்.

"அநியாயம் வைதேகி! பட்டப்பகல்ல அநியாயம்!"

ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டுக்குள் ஜெயராம் செருப்போடு நுழைந்தார். கூடத்தில் அவர் மனைவி வைதேகி கொலுவைக் கலைத்துப் பொம்மைகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். செட்டியார் பொம்மைக்கு மூக்கில் சாயம் உதிர்ந்திருந்தது. அதற்கு மட்டும் பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு வர்ணம் வைத்தாள்.

ஜெயராம் ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தார். கடுகு என்றதும் அவள் கை நின்றது.

"முளைச்சா இருந்தது?"

"ரெண்டு இலையோட! எல்லாம் அந்த பாலகணேஷ் பய வேலை. எங்க போட்டி க்ரூப்ல போட எழுதி வச்சுட்டேன், பாரு. இதை அனுப்பி அவன் மானத்தை வாங்கலேன்னா என் பேர் ஜெயராம் இல்லை!"

"ஏன்னா, அதை அனுப்பாதேங்கோ."

"ஏன்? நீயும் அவன் கட்சியா?"

வைதேகி எழுந்து வந்து அவர் கையிலிருந்த போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"கொலுவுக்குக் கீழே பார்க் வச்சேனோன்னோ? அதுக்குக் காவலா நிக்கட்டும்னு உங்க டேங்க்கை எடுத்தேன். ஸ்வாமி முன்னாடி யாராவது சேத்தோட வைப்பாளா? சோப்புப் போட்டு, பழைய பல் பிரஷ்ஷால நன்னாத் தேச்சு அலம்பிட்டேன். தொடச்சு வச்சப்புறந்தான் உறைச்சுது, அந்த அழுக்குக்குத்தானே மார்க்குன்னு. பார்க்குக்குக் கடுகு முளைக்கப் போட்டிருந்த மண்ணையே சலிச்சு, கோந்துல குழைச்சு, இந்தப் பொம்மை பிரஷ்ஷாலயே நாலு நாள் உக்காந்து..."

ஜெயராம் பொத்தென்று சோபாவில் உட்கார்ந்தார்.

"லாரன்ஸ் சார் நெஜமாவே பிரமாதம்னா சொன்னார்?"

அவர் தலை தானாக ஆடியது.

"சத்தியம் வேற பண்ணிட்டு வந்துட்டேள்," என்றாள் வைதேகி, முகமெல்லாம் மலர. "அப்போ உங்க பிரஷ்ஷெல்லாம் இனிமே சும்மாத்தானே கிடக்கும்? எனக்குக் குடுத்துடுங்கோ."