தொடக்கூடாத சொத்து

"இந்த நாற்காலியைக்கூட நீங்க தொட முடியாது" என்றார் தூதரக அதிகாரி, சிரித்த முகமாக.

கான்ட்ராக்டருக்கு ரத்தம் கொதித்தது. ஜெயித்தவனைப் பார்த்துத் தோற்றவன் சிரித்தால் வேறென்ன செய்யும்?

அந்த வெளிநாட்டுத் தூதரகத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டிக் கொடுத்தவர் அவர். பணம் வரவில்லை. கேஸ் போட்டு, வருஷக்கணக்கில் அலைந்து, தீர்ப்பும் வாங்கிவிட்டார். இன்று ஜப்தி செய்யக் கோர்ட் அமீனாவையே கையோடு கூட்டி வந்திருந்தார்.

அமீனா ஜன்னல் வழியே கை காட்டினார். "அந்தக் கார்?"

வெளியே கறுப்புக் கார். முகப்பில் குட்டியாக ஒரு கொடி.

"கொடியைப் பார்த்தீங்கல்ல? அது எங்க அரசாங்கத்துச் சொத்து."

"பேங்க் கணக்கு?"

"அதுவும்தான். தீர்ப்பை நாங்க மதிக்கிறோம். ஆனா ஒரு நாட்டோட சொத்தை இன்னொரு நாட்டுக் கோர்ட்டு ஜப்தி பண்ண முடியாது. அதான் சட்டம்."

"தரணும்னும் ஒத்துக்குவீங்க, எடுக்கவும் விடமாட்டீங்க. இதுக்குப் பேரு சட்டமா, திருட்டா?" கான்ட்ராக்டர் கத்திய கத்தலில் காவலாளி ஓடி வந்தார். "உங்க சுவத்துலேர்ந்து விழுந்துதான்யா என் மேஸ்திரி செத்தான்! அவன் பொண்டாட்டிக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

அதிகாரி காவலாளியைக் கையமர்த்தினார். பிறகு, "காபி சாப்பிடறீங்களா?" என்றார்.

வெளியே வந்த கான்ட்ராக்டர் தன் காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். அமீனாவும் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

"உங்க தெருவுல எனக்கு இன்னொரு ஜப்தி இருக்கு சார். அப்படியே வந்துடறேன்."

யார் வீட்டில் என்று கேட்கும் நிலையிலா இருந்தார் அவர்? வழி நெடுக வாய் ஓயவில்லை.

"இல்லாதவன் இல்லைன்னா பரவாயில்ல. வெச்சுக்கிட்டே இல்லைங்கிறானே, அவனெல்லாம் மனுஷனா?"

"நியாயம்தான் சார்."

"கொடிக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிறான், வெக்கம் கெட்டவன்! நல்லா இருப்பானா?"

"சொல்லுங்க சார். கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

கான்ட்ராக்டரின் மாடி வீட்டு வாசலில் கார் நின்றது. கேட்டருகே சாயம் போன புடவையில் ஒரு பெண் காத்திருந்தாள். அவளைக் கண்டதும் கான்ட்ராக்டரின் வாய் தானாக மூடிக்கொண்டது.

மேஸ்திரியின் மனைவி.

அமீனா பையிலிருந்து இன்னோர் உத்தரவை எடுத்தார். "இந்த அம்மா போட்ட கேஸ் சார். வீட்டுக்காரர் செத்ததுக்கு நஷ்டஈடு நீங்க தரணும்னு எப்பவோ தீர்ப்பாயிடுச்சு. இன்னும் கைக்கு வரலையாம்."

அதுவரை நெருப்பைக் கக்கிய குரல் தேனாக மாறியது. "தீர்ப்பை நான் மதிக்கிறேங்க. யாரு இல்லைன்னா? ஆனா ஜப்தி பண்ண என் பேர்ல எதுவும் இல்லையே."

"இந்த வீடு?"

"என் சம்சாரம் பேர்ல இருக்கு."

"நாம வந்த கார்?"

"மச்சானோடது."

"உள்ள இருக்கிற சோபா, டிவி?"

"பையன் வாங்கினது. சட்டப்படி நீங்க எதையும் தொட முடியாது."

அந்தப் பெண் சுவரைத் தடவிப் பார்த்தாள். "இதுவும் அவர் கட்டினதுதாங்க" என்றாள்.

கான்ட்ராக்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "வெயில்ல நிக்காதம்மா. உள்ள வந்து காபி சாப்பிட்டுப் போ."

அமீனா உத்தரவை மடித்தார். பைக்குள் திணித்தார்.

"எல்லாம் சரியா பண்ணி வெச்சிருக்கீங்க சார்" என்றார். "கார்ல ஒரு கொடி மட்டும்தான் பாக்கி. அதையும் கட்டிடுங்க."