ஐம்பதாவது கையெழுத்து

சபை அலுவலகத்தின் நீண்ட மேசைமேல் வெயில் விழுந்திருக்கிறது. ஆளுநரைப் பதவிநீக்கம் செய்யக் கோரும் மனுவில் நாற்பத்தொன்பது உறுப்பினர்கள் கையெழுத்திட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு மணிக்குள் ஐம்பது சேர்ந்தால்தான் சபை அவரை விசாரிக்கும். இன்னும் ஆறு நிமிடம். ஐம்பதாவது உறுப்பினரான டீச்சரம்மாவின் வலது கையில் மாவுக்கட்டு. அவர் இடது கையால் ஒரு வெள்ளைத்தாளில் போட்டுக்காட்டிய கையெழுத்தை, பதவியேற்ற நாளின் பதிவேட்டோடு வைத்துப் பார்த்த எழுத்தர் உதட்டைப் பிதுக்குகிறார். "ஒத்துப்போகலையேம்மா. ஆளுநரோட வக்கீல் இதை வச்சே மொத்த மனுவையும் தூக்கிப் போட்டுடுவாரு." டீச்சரம்மா, கட்டுக்கு வெளியே வீங்கித் தெரியும் வலது விரல்களுக்கிடையே பேனாவைச் செருகிக்கொள்கிறார். "அக்கா, வேணாம். டாக்டர் திட்டுவாரு," என்கிறார் பக்கத்தில் நிற்கும் இளைய உறுப்பினர். "திட்டட்டும் தம்பி. அந்த மனுஷன் பூட்டின பள்ளிக்கூடங்களை டாக்டரா வந்து திறப்பாரு?" முதல் எழுத்தின் சுழிப்பிலேயே அவர் நெற்றி வியர்த்துவிடுகிறது. பேனாமுனை தாளில் கரகரக்கிறது. கடைசி எழுத்துக்கு அடியில், வழக்கமான கோட்டையும் விடாமல் இழுத்து முடிக்கிறார். எழுத்தர் பூதக்கண்ணாடியைப் பதிவேட்டுக்கும் மனுவுக்குமாக நகர்த்திப் பார்த்துவிட்டு முத்திரையைக் குத்துகிறார். பிறகு தயங்குகிறார். "மூணு பிரதிம்மா." டீச்சரம்மா பேனாவை இன்னும் விடவில்லை. "அடுத்ததை வைங்க."